சின்னவனுக்கு ஒரு கிளப்

மெல்பேர்ண்

அன்புள்ள பெரியண்ணனுக்கு,



சின்னவன் 6 அடி 4 அங்குலம் வளர்ந்துவிட்டான், லயத்து நிலையில் தினம் நெற்றி இடிக்கிறது, பதுளையில் கூடைப்பந்து ஆடி மெடலும் வாங்கிவிட்டான், அதனால் அவுஸ்திரேலியாவில் ஏதாவது கிளப்பில் சேர்த்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிற எனக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் விசாரித்தேன்.

அண்ணே, வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுவதும் நம்ம பூட்டன் பார்த்த தோட்டத்து வேலை மாதிரிதான். கங்காணிக்கு இங்கே ஏஜென்ட் என்று பேர். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குத் தலைக்காசு வழக்கமாகப் பத்து வீதம். பூட்டன் காலத்தில் பழைய தோட்டத்துக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால் ஆளை விடுவதாக எழுதிக் கொடுத்த துண்டு இருந்தால்தான் தோட்டம் மாறலாம் என்று அப்பா சொல்வாரே. அந்தத் துண்டை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒழியவில்லை. சுவிசில், ஜெனிவாவுக்குப் பக்கத்தில் மீஸ் என்ற ஊரில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது! உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அங்கேதான். ஒரு நாட்டில் ஆடியவன் வேறு நாட்டில் ஆட வேண்டுமென்றால், பழைய நாட்டுச் சம்மேளனம் விடுவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். பழைய கிளப்போடு ஒப்பந்தம் மீதியிருந்தால் கடிதம் வராது. புதுக் கிளப் காசு கட்டி ஆளை மீட்க வேண்டும்.

வேலை எப்படியென்றால், யாருக்காவது முழங்கால் போனால் அவருக்குப் பதிலாக இரண்டு மாதம். வீடு கொடுப்பார்கள், சில இடத்தில் காரும் உண்டு. அணி தோற்கத் தொடங்கினால் முதலில் பெட்டி கட்டுவது வெளிநாட்டு ஆள்தான். ஒரு விஷயத்தில் மட்டும் நம்மைவிட மேல். சம்பளம் தராத கிளப்பைக் கேட்க 2007 முதல் ஜெனிவாவில் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆளைப் பதிய முடியாமல் தடை வரும். நம்ம தோட்டத்து 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் ஏறுவதற்குள் எத்தனை மேடைப் பேச்சுக் கேட்டோம்!

உயரத்தைப் பற்றிப் பெருமைப்படாதீர்கள். 6 அடி 4 இங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற குள்ளனின் அளவு. இந்தியாவில் பஞ்சாப் ஆட்டக்காரர் அம்ரித்பால் சிங் ஏழு அடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. அவர் யப்பானில் ஆடி, 2017இல் சிட்னி கிங்ஸில் சேர்ந்தார். சத்னாம் சிங்கோ ஏழு அடியையும் தாண்டியவர். 2015இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் டலஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. என்பிஏயில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. இப்போது தொழில்முறை மல்யுத்தத்தில் ஆட்களைத் தூக்கிப் போடுகிறார்.

இந்த ஊரில் பேர் வாங்கிய நம்மாள் ஒருவர் இருக்கிறார், ஆனால் வலைப்பந்தில். என் பராமரிப்பிலுள்ள கிழவி ஒருத்தி சின்ன வயதில் வலைப்பந்து ஆடியவள். எந்த நாடு என்று கேட்டாள். சிலோன் என்றேன். தேயிலை என்பாள் என்று பார்த்தால், "தர்ஜினி!" என்றாள். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கம், 6 அடி 10 அங்குலம். மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கிளப்புக்கு ஆடியவர். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, தடுக்கிறவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். தர்ஜினியோ ஒருவர் கைக்கும் எட்டாத உயரத்தில் பந்தை வாங்கி அப்படியே வளையத்தில் போட்டுவிடுவாராம். அதைக் கிழவி கரண்டியை உயர்த்திச் செய்து காட்டியதில் கஞ்சி என் தலையில். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியச் சம்பியனானபோதும் அணியில் அவர் இருந்தார். அடுத்த வருஷம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் பதினாறு நாடுகளில் நமக்குப் பதினைந்தாம் இடம். ஆனால் அதிக கோல் போட்டவர் தர்ஜினி.

அவர் உங்களுக்குச் சொந்தமா என்று கிழவி கேட்டாள். ஐந்தடி ஆளிடம் இந்தக் கேள்வி! தூரத்துச் சொந்தம் என்று சொல்லி வைத்தேன்.

சின்னவன் பரீட்சையை முடிக்கட்டும். அதுவரை ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்க்காமல் எந்தக் கிளப்பும் பேசாதாம். கலியாண வீட்டு வீடியோபோல் பாட்டுப் போட்டு அனுப்ப வேண்டாம். சப்பாத்து 14ஆம் நம்பர் பதுளை டவுனில் கிடைக்கவில்லை என்றானாம். இங்கே கிடைக்கிறது. விலையை அண்ணியிடம் சொல்லாதீர்கள்.

அன்புள்ள தங்கச்சி