மாஸ்டருக்கு இன்றும் ரெஸ்ட் டே

எங்கள் சாந்தன்பாறைத் தொப்பைகளுக்கு விமோசனம் அருள வந்த உடற்பயிற்சிக் கூட நிர்வாகத்தின் திருச்சமூகத்துக்கு, ஏலத்தோட்டத்து அடியேன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம். எடை மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூப்பாறையில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்புகையில் நான் ரெண்டு புரோட்டா தின்றது உண்மை. அதை ஆள்வைத்துப் படம்பிடித்து, இலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'அக்ரிமெண்ட் மீறல், பிரிவு 6, அபராதம் ரூ.500' என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தீர்களே, அந்தக் கடமையுணர்ச்சியை எந்த வாயால் பாராட்டுவேன்! மறுநாள் காய் எடுக்க ஜீப்பில் வந்திறங்கிய அக்கா ஒருத்தர் கேட்டார்: “ஏண்ணே, புரோட்டா ஒண்ணு இருநூத்தம்பதாமே, சால்னாவுக்குத் தனிக் காசா?” கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வேலை அரைமணி நேரம் தாமதம்.

படம் எடுத்தது பயிற்சி கொடுக்கும் மாஸ்டராக இருக்க முடியாது. அவருக்கு அன்றைக்கு ரெஸ்ட் டே.

வீட்டுக்கு வந்து அக்ரிமெண்டை எடுத்துப் புரட்டினேன். மூன்று பக்கம், ஒன்று இங்கிலீஷ், ரெண்டு மலையாளம். பள்ளிக்கூடம் போகும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பதினாலு பிரிவு. நான் எத்தனை மணிக்கு எழவேண்டும், எதைத் தின்னக்கூடாது, வராவிட்டால் எவ்வளவு கட்டவேண்டும் என்று பதிமூன்று எனக்கு. உங்களுக்கென்று ஒரே ஒரு பிரிவு: கட்டிய பணம் திரும்பாது. பக்கத்துக்கு ஒன்றாக என் கையெழுத்து மூன்று. 'பயிற்சியாளர்' என்று போட்ட கோட்டுக்கு மேலே மட்டும் வெறும் காகிதம். கையெழுத்துக்கும் ரெஸ்ட் டே கொடுக்கும் தாராளம் உங்களுக்குத்தான் வரும்.

36 வகுப்புக்கு 9,000 ரூபாய் வாங்கினீர்கள். மாஸ்டர் வந்தது 9 வகுப்பு. கணக்குப் போட்டால் வகுப்பு ஒன்று 250 ரூபாய், உங்கள் அபராதப்படி புரோட்டாவும் 250. புரோட்டாவாவது வந்தது.

மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்த அன்று நான் வரவில்லை என்று நூறு ரூபாய் பிடித்தீர்கள். அன்று மாஸ்டரும் வரவில்லை. அது மீறல் ஆகாது, ரெஸ்ட் டே.

உங்கள் தொழில் நுட்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்கை ஆராய்ந்து 2006-ல் இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதச் சந்தாவாக 70 டாலருக்கு மேல் கட்டுகிறவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போகிறார்களாம். அங்கே காசு கட்டினவன் வராததில் லாபம். நீங்கள் காசு வாங்கினவரையே வராமல் வைத்து லாபம் பார்க்கிறீர்கள். இதையும் யாராவது ஆராய வேண்டும்.

2022-ல் கேரள உயர்நீதிமன்றம் ஜிம்மைக் கோயிலோடு ஒப்பிட்டது. 1963-ம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்கவும் சொன்னது. லைசென்ஸ் பேச்சு எனக்கு வேண்டாம். கோயில் என்பது முழுக்கச் சரி. உண்டியல் திறந்திருக்கிறது, பூசாரிக்கு ரெஸ்ட் டே.

அதே வருஷம் எங்கள் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்றாலும் வந்துவிடுகிறது. அதனிடம் யாரும் அக்ரிமெண்ட் எழுதி வாங்கவில்லை.

எழுதி வைத்துக்கொள்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எழுதினால் நான் ஒழுங்காக வருவேன் என்று நம்பித்தான் பேனாவைப் பிடித்தேன். மாஸ்டர் வராத வகுப்புக்கு மாற்று வகுப்பு, அல்லது காசு என்று ஒரு வரி போதுமே? எங்கள் பாட்டன்மார் கங்காணி காட்டிய இடத்தில் பெருவிரலை உருட்டினார்கள், அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும், நீங்கள் நீட்டியதோ எனக்கு வாசிக்க வராத எழுத்து. மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. இந்த மலையில் என்னைப் போல் நிறையப் பேர் உண்டு என்று தெரிந்துதான் அச்சடித்தீர்கள். காசு கொடுத்தவன் கையைக் கட்டிவிட்டு, வாங்கினவன் கையை வீசிக்கொண்டு போவதற்குப் பேர் அக்ரிமெண்ட் இல்லை ஐயா, பித்தலாட்டம்.

மன்னிக்கவும். வார்ம்-அப் செய்யாமல் கோபப்பட்டுவிட்டேன்.

தங்கள் மேலான கவனத்துக்கு ஒன்று. 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(46) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு அபராதம் போடும் ஒப்பந்தத்தை அது நியாயமற்றது என்கிறது. அடுத்த பிரிவு 2(47). குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு எதுவும் இல்லாதபோது, 30 நாளில் திருப்பித்தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது. உங்கள் ரசீதில் கெடு இல்லை, பார்த்துவிட்டேன். 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் கிடையாது. 1915-க்குப் போன் போட்டாலும் எடுக்கிறார்கள்.

ஆகவே 27 வகுப்புக்கான 6,750 ரூபாயையும், மழைநாள் நூறையும் அனுப்பி வைக்கவும். புரோட்டா அபராதம் 500-ஐ நான் கட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
பிரிவு 6-ஐ மீறியவன்,
சாந்தன்பாறை.

பி.கு.: இந்தக் கடிதத்தை ரெண்டு நகல் வைத்திருக்கிறேன், ரெண்டும் தமிழில். கடைசியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கிடைத்தது என்று அதன் மேல் கையெழுத்துப் போட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பவும். அந்த ஒரு நாள் மட்டும் ரெஸ்ட் டே வேண்டாம்.