லீப் வருஷக்காரர்

சட்டைக் கை இரண்டு மடிப்பு கூடுதலாக ஏறியிருக்கும். மணி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மணியைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார்.

எங்கள் மூன்றாம் மாடிக்காரர் கட்டியிருப்பது 'பெர்பெச்சுவல் காலண்டர்' வாட்ச். பேட்டரி இல்லை. எந்த மாதத்துக்கு 30, எதற்கு 31 என்று பல்சக்கரங்களே கணக்கு வைத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சக்கரம் சுற்றி முடிக்க நான்கு வருஷமாகுமாம். அதைச் சொல்லும்போது தன் குழந்தை பேசிய முதல் வார்த்தையைச் சொல்வது போல அவர் குரல் இறங்கிவிடும்.

2024 பிப்ரவரி 28 இரவு கூப்பிட்டார். "28 போய் 29 வரணும் சார். 1 வந்துட்டா போச்சு." டபரா காபியோடு ஐந்து பேர் குனிந்திருந்தோம். முள் ஊர்ந்து 29-க்கு வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் இரவும் போனோம். 29 போய் 1 வரவேண்டுமே!

இப்போது கவலை 2100. நூற்றாண்டு வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப்; அது வாட்சுக்குத் தெரியாது. அந்த மார்ச் 1 அன்று 29 காட்டி நிற்கும். அவருக்கு 138 வயசாகியிருக்கும். யு.கே.ஜி. பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

சர்வீஸ் எஸ்டிமேட்டை வீட்டம்மாவிடம் காட்டியதில்லை. சர்வீஸிலிருந்து எட்டு மாதம் கழித்து வந்த வாட்ச் காட்டும் நிலா சரியா என்று காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

இதெல்லாம் போகட்டும். 2023 மிக்ஜாம் புயலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். வாட்ச் நிற்காமலிருக்க அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி என் வீட்டில். வேளச்சேரியில் நான்கு நாள் கரண்ட் இல்லை. மாடிப்படியில் தண்ணீர், வீட்டில் பால் இல்லை. போன் உயிர் பெற்றதும் வந்த முதல் கேள்வி: "ஓடுதா சார்?"

நின்றிருந்தது. குச்சியால் பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கச் சொன்னார். ராத்திரியில் தொடவே கூடாது, பல் உடையும் என்றார். பயத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது. தேதி எட்டு நாள் முந்திவிட்டது. பின்னால் தள்ள வழியில்லையாம். உலகம் வந்து சேரும்வரை வாட்சை நிறுத்தித்தான் வைக்க வேண்டுமாம்.

எட்டு நாளும் வீடியோ காலில், ஓடாத வாட்சைப் பத்து நிமிஷம் பார்ப்பார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேத்தி பிறந்த சேதியை ஏழாம் நாள்தான் சொன்னார், அதுவும் நான் கேட்டபிறகு.