அரத்துக்கு மறுபிறவி

கேள்வி: தேய்ந்த அரத்தையும் மழுங்கிய டிரில் பிட்டையும் காயலான் கடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: தேய்வது அரத்தின் பல்தான், எஃகு அல்ல. நல்ல அரத்தில் கரிமம் சுமார் 1 சதவீதம். (மலிவு அரம் சிலவற்றுக்கு மேல்தோல் மட்டுமே கடினம், அவை கடைக்கே போகட்டும்.) உலையில் செக்கச்செவேலெனக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் இளகும். கத்தியாக இழைத்தபின், காந்தம் ஒட்டாத சூடுவரை காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அதோடு விட்டால், கீழே விழுந்ததும் கண்ணாடிபோல் உடையும். 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, வைக்கோல் நிறம் படர வாட்டினால்தான் வெங்காயம் நறுக்க லாயக்கு.

டிரில் பிட் பெரும்பாலும் ஹை ஸ்பீட் ஸ்டீல். ஒடிந்த துண்டைச் சாணை பிடித்து மரப்பிடி போட்டால், தகட்டில் கோடு கீறும் ஊசி தயார். சுத்தியலால் அடிக்கும் பஞ்சாக மட்டும் ஆக்கக் கூடாது. சில்லு தெறித்தால் அடுத்த கேள்வி கண் மருத்துவருக்கு.