புத்தகத்தை எடைபோடுவது எப்படி: நெய்வேலிக்காரர்களுக்கான கையேடு

நெய்வேலி புத்தகக் கண்காட்சி 1998இல் தொடங்கியது. நம் குவார்ட்டர்ஸ்களில் கண்ணாடி அலமாரிகள் நிரம்பத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். அவற்றில் பாதிக்குமேல் “வீட்டில் ஒன்று இருக்கட்டும்” வகை: பொது அறிவு, மூலிகை, முதலுதவி, சட்டம். லிக்னைட் ஹால் ஸ்டாலில் நின்றபடியே இவற்றைத் தரம் பிரிக்கச் சில வழிகள்.

முதலில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நல்ல புத்தகம். கல்யாணப் பரிசுக்கு இந்தச் சோதனையே போதும். மேலே படிக்க வேண்டாம்.

வீட்டுக்கென்றால் மேல்மண் கணக்குப் பார்க்க வேண்டும். நம் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை வாரிக் கொட்டுகிறோம். புத்தகத்தில் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை, ஆசிரியர் யாரோ பெரிய மனிதருக்குச் சால்வை போர்த்தும் படம் எல்லாம் மேல்மண். எத்தனையாவது பக்கத்தில் கரி தட்டுகிறது என்று பாருங்கள். சில புத்தகங்களில் கடைசிவரை தட்டாது. அதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும்.

அடுத்து, நம் ஊரையே தேடுங்கள். “புதிய பதிப்பு” என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே நெய்வேலி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருக்கும். அந்த மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டது. கடலூர் மாவட்டம் என்று சரியாகப் போட்டு, நம் சுரங்கக் கம்பெனி பெயரை மட்டும் பழையபடி விட்டிருந்தால், பெயர் மாறிய 2016க்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. அட்டைக்கு மட்டும் வருடாவருடம் புதுச் சாயம் பூசுகிறார்கள்.

பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பொருளடைவு இருக்கிறதா? இருக்காது. அந்த இடத்தில் அதே பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள் விலையோடு அச்சாகியிருக்கும். தேடிப் பார்ப்பதற்கான நூலில் தேட வழியில்லை என்றால் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். ரிட்டயர் ஆனவர்களுக்கு அது சாத்தியம். ஆ. சிங்காரவேலு முதலியார் 1910இலேயே அபிதான சிந்தாமணியை அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டார்; நூறாண்டுக்குமேல் ஆகியும் ‘பல்வேறு தகவல்கள்’ என்று ஓர் அத்தியாயம் போட்டுத் தப்பித்துக்கொள்கிறோம்.

முக்கியமான சோதனை இது: வீட்டில் நிஜமாகவே கிளம்பிய ஒரு கேள்வியோடு போங்கள். உலகின் மிக நீளமான நதி எது என்று நம் வீட்டில் யாரும் ராத்திரி பத்து மணிக்குக் கேட்பதில்லை. தோட்டத்தில் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். முதலுதவிப் புத்தகத்தில் பதில் இரண்டு வரியில் முடிந்து, கடித்த இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால், வாங்குங்கள். கீறிவிடு, வாயால் உறிஞ்சு, கயிற்றால் இறுக்கிக் கட்டு என்று இரண்டு பக்கம் படத்துடன் விளக்கியிருந்தால், அந்தப் புத்தகம்தான் பாம்பைவிட ஆபத்து. இந்த இரண்டாவது வகைக்கு அட்டை எப்போதும் பளபளப்பாக இருக்கும்.

பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி. பழைய புத்தகக் கடையில் முழு செட் கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும். இப்போது இணையத்திலேயே படிக்கலாம் என்று வீட்டில் யாரும் சொல்வதற்குள் பில் போட்டுவிடுங்கள். எழுத்து நேர்த்திக்காகவே வாங்கலாம். நாளைய கரண்ட் பில்லுக்கு அதில் வழி இல்லை.

அன்றாட உபயோகம் என்றால் போட்டி இல்லாத வெற்றி 1951இல் மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’தான். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. அடுப்பு மேடையில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். இதை மற்றப் புத்தகங்களுக்கும் சோதனையாக வைக்கலாம் என்றால், மூலிகை அகராதியை எங்கே வைப்பது என்பதில் குடும்பத்தில் ஒருமித்த கருத்து வராது.

வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கி வந்தாயிற்று. அலமாரியில் அடுக்கிப் பூட்டுவதற்கு முன், சாவி யார் கையில் இருக்கும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.