முந்நூறு மீட்டர் மணிக்கட்டு

கொமரலிங்கத்து விவசாயி 300 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரம் கட்டுவதைக் கேலி செய்யாதீர்கள். அமராவதி அணையே நிரம்பினால் 90 அடிதான் என்கிறீர்களா? மீதியைத் தோண்டித் தருவது நீர்வளத்துறையின் கடமை.

அவரிடம் டூர்பியான் கடிகாரமும் உண்டு. சட்டைப்பையில் நிமிர்ந்தே கிடக்கும் கடிகாரம் புவியீர்ப்பால் தடுமாறாதிருக்க, 1801இல் கடிகார வல்லுநர் பிரெகே காப்புரிமை வாங்கிய நுட்பம். அசைந்துகொண்டே இருக்கும் கைக்கு அது பெரிதாகத் தேவையில்லை. ஆகவேதான் விலை லட்சங்களில்.

மூன்றாவது, கை அசைந்தால் தானே சாவி ஏறும் ரகம். பீரோவில் பூட்டியிருக்கிறது. அசைத்துவிட உள்ளேயே ஒரு மோட்டார் பெட்டி. கரண்ட் போனால் கடிகாரத்துக்கும் ஓய்வு.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மடை திருப்பக் குனிந்தவர் 300 மீட்டரைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்: “அம்மிணி, இதக் கொஞ்சம் புடி. தண்ணி பட்டுறப் போவுது!”