அண்ணாச்சி கொடுத்த மிட்டாய்: ஒரு நாணயவியல் ஆராய்ச்சி

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சோழபுரத்தில், ஒரு டீக்கடைக் கல்லாவில் தொடங்கியது இந்த ஆய்வு. டீ 12 ரூபாய். ஆய்வாளன் கொடுத்தது 15. மீதியாக வந்தவை ஒரு 2 ரூபாய் நாணயமும் ஒரு காப்பி மிட்டாயும். பின்னது நாணயமா, தின்பண்டமா?

முன்மாதிரி இங்கிலாந்தில் கிடைக்கிறது. 1649இல் முதலாம் சார்லஸின் தலை போனபின் அந்நாட்டில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். குடிக்க வந்தவனுக்கு மீதி கொடுக்க வழியில்லாத மதுக்கடைக்காரர்கள் செம்பிலும் பித்தளையிலும் தாங்களே வில்லை அடித்துக்கொண்டார்கள். கால் பென்னி, அரைப் பென்னி மதிப்பு. கடைப்பலகையில் இருந்த சிங்கமோ பன்றித்தலையோ வில்லையிலும் இருக்கும். பலவற்றில் கடைக்காரர் பெயரின் முதலெழுத்தோடு மனைவி பெயரின் முதலெழுத்தும் உண்டு. கல்லா யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் மிட்டாய்த் தாளிலோ அண்ணாச்சி பெயரும் இல்லை, மதினி பெயரும் இல்லை. இது பெருங்குறை.

இன்னொரு வேறுபாடு இன்னும் ஆழமானது. அந்த வில்லையை அடித்த கடையிலேயே கொடுத்து அடுத்த கோப்பை வாங்கலாம். இதைச் சோதிக்க, ஆய்வாளன் பல நாள் பாடுபட்டுச் சேர்த்த 12 மிட்டாய்களைக் கல்லாவில் அடுக்கி ஒரு டீ கேட்டான்.

"தம்பி, அது திங்கிறதுக்கு."

ஆக, கடையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அது ஒரு ரூபாய். உள்ளே போகும்போது வெறும் மிட்டாய். சித்திரை வெயிலில் இந்த மதிப்பும் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆய்வு மாதிரிகளில் நான்கை அக்கா மகன் தின்றுவிட்டதால் எடை அளவுகள் இங்கே தரப்படவில்லை.

மதுக்கடை வில்லையின் நேர் வாரிசைத் தேடுவோர் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே 2022 முதல் டாஸ்மாக் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் திரும்பி வந்தால் திருப்பித் தருகிறது. மிட்டாயைவிட நாணயமான நாணயம் அது, சட்டைப்பையில்தான் அடங்காது.

இங்கிலாந்து வில்லைகளை 1672இல் இரண்டாம் சார்லஸ் அரசுச் செம்புக்காசு வெளியிட்டு ஒழித்தார். இங்கே 2011இல் நாலணா செல்லாமல் போனபோதுகூட மிட்டாய் அசையவில்லை. அதை வீழ்த்தியது கல்லாவுக்கு முன்னால் ஒட்டிய ஒரு கட்டம்போட்ட அட்டை. போனைக் காட்டினால் 12 ரூபாய் துல்லியமாகப் போய்ச் சேர்கிறது. இப்போது ஆய்வுக்கு மிட்டாய் வேண்டுமானால், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.