கெட்ட ஜாப்புக்கு மானியம் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
ஜாப் ஒர்க் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
மாண்புமிகு அமைச்சர் மற்றும் உயரதிகாரிகள்,
திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவோர் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: சிஎன்சி ஆபரேட்டர், செட்டர் பணியிடங்கள் – ஆள் கிடைக்காமை – கெட்ட ஜாப்புக்கு மானியம் கோருதல் – சார்பாக.

பார்வை: எங்கள் பட்டறை கேட்டில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ பலகை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட பலகை வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்துவிட்டது. ‘ஆபரேட்டர்’ என்பதில் ‘ஆப’ மட்டும்தான் இப்போது தெரிகிறது. அதனால் பாதகமில்லை. ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் வாசலுக்கு வாசல் இதே பலகைதான் என்பதால் ஜனங்கள் படிக்காமலே புரிந்துகொள்கிறார்கள். சில பட்டறைகளில் பலகையைக் கழற்றுவதையே விட்டுவிட்டார்கள். ஆள் கிடைத்தாலும் அடுத்த மாதம் மறுபடி மாட்டத்தானே வேண்டும்?

முதலில் தங்களுக்கு என் பாராட்டு. 2014இல் இதற்கென்றே தனி அமைச்சகம் வந்தது. 2015 ஜூலை 15 அன்று திறன் இந்தியா இயக்கம் தொடங்கியது. 2022க்குள் 40 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று அப்போது அறிவித்தார்கள். 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட் உரையில், 1.4 கோடி இளைஞர்கள் பயிற்சி பெற்றுவிட்டதாக நிதியமைச்சர் பெருமையுடன் சொன்னார். 40 எங்கே, 1.4 எங்கே என்று குதர்க்கம் பேசும் ஆள் நான் இல்லை. புள்ளி எங்கோ இடம் மாறியிருக்கும். தில்லியில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எங்கள் பட்டறையில் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த விண்ணப்பத்தில் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதினாறு வயதில் லேத்துக்குக் கீழே விழும் சுருளைக் கூட்டி அள்ளிக்கொண்டு தொழிலுக்கு வந்தவர். பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் தேட மாட்டார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் ஹவுசிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். “இன்னும் ஒரு வாரம் ஓடுமுங்க” என்பார். ஒரு வாரம் ஓடும். கழன்று வரும் சுருள் நீலமாக வந்தால் ஸ்பீடைக் குறைப்பார். டூலைக் கல்லில் தீட்டிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் மாட்டுவார். ஆடிப்போன பழைய லேத்தில் நூல் பிசகாமல் சைஸ் எடுப்பார்.

இவருடைய திறனுக்கும் தாங்கள் அங்கீகாரம் வழங்கினீர்கள். முன்னரே கற்றதை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் திட்டம் என்று கேள்விப்பட்டு ஒரு மையத்துக்கு அனுப்பிவைத்தேன். கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி உட்கார்ந்திருந்ததாம். ‘லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் பாகம் எது?’ என்று கேள்வி, கீழே நான்கு விடைகள். “த்ரீ ஜா சக்கா, ஃபோர் ஜா சக்கா? என்ன ஜாப்புங்க தம்பி?” என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். “அண்ணா, ‘சக்’னு மட்டுந்தானுங்ணா இருக்குது, அதை அமுத்துங்க.” அமுத்தினார். தேறினார். சான்றிதழும் தொப்பியும் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் தொப்பி நன்றாக உதவுகிறது.

பிறகு கடன் வாங்கி 25 லட்சத்துக்கு, கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷின் போட்டேன். சான்றிதழ் பெற்றவர் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று மேஸ்திரியையே அதில் நிறுத்தினேன். அவர் கற்ற லேத்தில் கைப்பிடியைத் திருப்பினால் டூல் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பது கைக்குத் தெரியும். இதில் கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே கூலண்ட் அருவியாகக் கொட்டும், சத்தமும் பழைய லேத்தில் போலத் தெளிவாகக் கேட்காது, சுருளின் நிறமும் தெரியாது. கைக்கு வேலை பட்டனில்தான். எச்சரிக்கை வந்தால் திரையில் ஆங்கிலத்தில் வரும். மேஸ்திரி அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் மெஷின் அடுத்த எச்சரிக்கையைப் போடும்.

ஒருநாள் ஒரு புஷ்ஷுக்கு புரோகிராம் திருத்தினார். விட்டம் 50 மில்லிமீட்டர் என்பதற்கு ‘எக்ஸ் 50’ என்று அடித்தார். 50க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும். எங்கள் மெஷினின் கன்ட்ரோலர், புள்ளி இல்லாத எண்ணை மில்லிமீட்டராக எடுக்காது, மைக்ரானாக எடுக்கும். ஆக 50 மில்லிமீட்டர் என்பது 0.05 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. டூல், கடைந்துகொண்டிருந்த ஜாப்பின் நடுமையத்தை நோக்கி முழு வேகத்தில் பாய்ந்தது. இன்சர்ட் தூளானது, ஹோல்டர் வளைந்தது, டூல்களைத் தாங்கும் டரட்டின் அலைன்மென்ட் போனது. சர்வீஸ் என்ஜினியர் வந்துபோன பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவி என்னோடு பேசவில்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் எங்கள் பட்டறைப் பையன் எட்டிப் பார்த்து, “ஏனுங்ணா, டாட்டு வெக்கலீங்ளா?” என்று கேட்டான். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அன்றோடு பழைய லேத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது ரிப்பேர் வேலை மட்டும் பார்க்கிறார்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தங்கள் திட்டம் ஒன்றில் சில நூறு மணி நேரம் படித்துத் தேறியவன். பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் மெஷின் ஓட்டினார்களாம். புள்ளியை மறக்கவே மாட்டான், திரையில் விரல் பறக்கும். ஆனால் டூல் முனை மழுங்கி ஜாப் ‘ங்கீ...’ என்று கத்தினாலும் அவன் பாட்டுக்கு நிற்பான். கேட்டால், “அலாரம் வரலீங்களே” என்பான்.

ஆக என்னிடம் இரண்டு அரை ஆட்கள் இருக்கிறார்கள். பலகையில் நான் கேட்பது ஒரு முழு ஆள். தாங்கள் அனுப்புவது சான்றிதழ்.

எங்கள் இனத்தை நான் ஒரேயடியாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். கோவை முதலாளிகளாகிய நாங்கள் எல்லோரும் கேட்பது ‘மூன்று வருட அனுபவம்’. முதல் கல்யாணத்துக்கே அனுபவமுள்ள மாப்பிள்ளை தேடும் வீடுகள் நாங்கள். அந்த மூன்று வருடத்தை அவன் யார் பட்டறையில், யார் இரும்பைக் கெடுத்து முடித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டால், எதிர்க் காம்பவுண்டைக் காட்டுவோம். எதிர்க் காம்பவுண்டுக்காரர் எங்களைக் காட்டுவார். நான் ஒருவனைக் கஷ்டப்பட்டுச் செட்டிங் பழக்கிவிட்டால், மாதம் 2,000 ரூபாய் கூடக் கொடுத்து அவனை அள்ளிக்கொண்டு போக நாலு வாசல் தள்ளி ஒருவர் தயாராக இருக்கிறார். போன வருடம் அவர் பழக்கியவனை நான் அள்ளினேன் என்பது வேறு கணக்கு. இப்படி இருக்கும்போது எவன் பழக்குவான்?

அந்தக் காலத்தில் பழக்கினார்கள். மேஸ்திரி ஒரு வருடம் பழைய வார்ப்பிரும்புத் துண்டுகளைத்தான் கடைந்துகொண்டிருந்தார். அது கெட்டால் உருக்கும் உலைக்குப் போகும், நஷ்டமில்லை. முதலாளி இரண்டு வார்த்தை திட்டுவார், அதோடு சரி. இப்போது பீஸ் ரேட் பைசாக் கணக்கில் வருகிறது. ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனால் பெரிய கம்பெனி மெட்டீரியல் விலையையும் சேர்த்து டெபிட் நோட் போடுகிறது. மாதம் பிறந்தால் வங்கித் தவணை. கற்றுக்கொள்பவனை 25 லட்ச ரூபாய் மெஷினுக்குப் பக்கத்தில் விட எந்த முதலாளிக்குத் தைரியம் வரும்?

இந்த ஊரில் ஜி.டி.நாயுடு என்று ஒருவர் இருந்தார். 1945இல் இங்கே தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்க முன்நின்றவர். நான்கு வருடப் பொறியியல் படிப்பு வீண், இரண்டு வருடமே போதும் என்று வாதாடி, அரசு கேட்காததால் விலகிக்கொண்டார் என்பார்கள். தாங்கள் அவரையே மிஞ்சிவிட்டீர்கள், வாரக்கணக்கில் முடிக்கிறீர்கள். அவர் சொன்ன இரண்டு வருடத்தில் பையன் கை முழுக்க எண்ணெய்யாக இருந்திருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

தொழில் பழகுநர் சட்டம் 1961 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். என்னைப் போன்ற சின்னப் பட்டறைக்கு இஷ்டப்பட்டால். 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். அதில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 வரை, தாங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். மெக்கானிக்கல் பொறியியல் முடித்த ஒரு பையன் என்னிடம் வந்து இதைக் கேட்டுவிட்டு, சாப்பாடு டெலிவரியில் பெட்ரோல் போக எவ்வளவு நிற்கும் என்று செல்போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். நைட் ஷிப்ட் இல்லை, சட்டையில் கூலண்ட் நாற்றம் இல்லை. நான் மறுத்துப் பேச ஒன்றும் இல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பெரிய ஆலைகளோ சட்டத்தை ஆர்வமாகவே கடைப்பிடிக்கின்றன. ஒரு வருடம் பழகுநர் என்ற பெயரில் லைனில் நிறுத்திவிட்டு, முடிந்ததும் புதிய தொகுதியை எடுத்துக்கொள்கின்றன. பழகியவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாநில அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தது. நல்ல மெஷின்கள் வந்திருக்கின்றன. இனி அவற்றைப் பையன்கள் மோதி உடைக்கட்டும். உடைத்தவனைத் திட்டாமல் ‘மறுபடி ஓட்டு’ என்று சொல்லும் ஒரு வாத்தியார் இருக்கட்டும். திறப்பு விழாவில் மின்னிய பெயின்ட் பத்து வருடம் கழித்தும் அப்படியே மின்னினால் அந்த 2,877 கோடிக்கும் நாமம்தான்.

ஆகவே என் கோரிக்கை. எண்ணிக்கையைக் கொஞ்ச காலத்துக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். 2025 இறுதியில் வந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, தங்கள் திட்டப் பயனாளிகளில் மிகப் பெரும்பாலானோரின் வங்கிக் கணக்கு விவரத்தில் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருக்கிறது என்கிறது. எங்கள் மேஸ்திரி ஒரு புள்ளியை விட்டதற்கே டரட் போனது. கட்டத்தையே காலியாக விட்டும் தங்கள் மெஷின் அலாரம் அடிக்காமல் ஓடுகிறதே, அந்தக் கன்ட்ரோலர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் நானும் ஒன்று வாங்குவேன்.

எண்ணிக்கைக்குச் செலவழிக்கும் பணத்தில் எனக்கு வேண்டியது இதுதான். மேஸ்திரியும் அந்தப் பையனும் ஆறு மாதம் ஒரே மெஷினில் நிற்க வேண்டும். பையன் புள்ளி வைக்கட்டும், மேஸ்திரி சத்தத்தைக் கேட்கட்டும். இருவருக்கும் முழுச் சம்பளம். அந்த ஆறு மாதத்தில் கெடும் ஜாப், உடையும் இன்சர்ட், வளையும் ஹோல்டர் ஆகியவற்றில் பாதியைத் தாங்கள் ஏற்க வேண்டும். முடிந்ததும் பையனை நாலு வாசல் தள்ளியுள்ளவர் அள்ளிக்கொண்டு போனால், எனக்கு ஆன செலவை அவர் கட்ட வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். (நான் அள்ளினாலும் கட்டிவிடுகிறேன்.) சான்றிதழ் வேண்டாம். தொப்பியும் வேண்டாம், ஒன்று இருக்கிறது.

தங்கள் உடனடி நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஜாப் ஒர்க் பட்டறைக்காரன்

இணைப்பு:
1. கெட்ட புஷ் – 1. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவியிருக்கிறது, கோப்பில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.
2. சர்வீஸ் பில் நகல்.
3. வங்கிக் கணக்கு எண், எல்லா இலக்கங்களுடனும்.